கடற்காற்றில் செம்பின் அரிமானத்தை அளக்கும் முறை

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனைக் களம் அமைந்துள்ள, ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் என்னும் ஊரைப் போன்ற கடலோரத்தில் செம்பைத் திறந்த வெளியில் வைத்தால், முதலில் செம்பழுப்பான குப்ரஸ் ஆக்சைடு படர்கிறது. பின்னர் காற்றிலுள்ள உப்பின் குளோரைடு சேர்ந்து பச்சைக் களிம்பு உருவாகிறது. அந்தப் பச்சையின் அடர்த்தியைக் கண்டு அரிமானத்தை மதிப்பிடக் கூடாது. களிம்பின் எடையில் ஆக்சிஜனும் குளோரினும் அடங்கியிருப்பதாலும், மழை அதில் ஒரு பகுதியைக் கரைத்துச் செல்வதாலும், களிம்பை நீக்கியபின் எஞ்சும் உலோகத்தை நிறுத்துப் பார்ப்பதே நம்பத்தக்க வழி.

100 மி.மீ. × 150 மி.மீ. அளவுள்ள தூய செம்புத் தகடுகள் நான்கை எடுத்து, எண் பொறித்து, அசிட்டோனால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, 0.0001 கிராம் வரை காட்டும் தராசில் நிறுக்க வேண்டும். விரல் ரேகையின் உப்பே அரிமானத்தைத் தொடங்கிவைக்கும் என்பதால் கையுறை கட்டாயம். மூன்று தகடுகளை 45 பாகைச் சாய்வில் கடலை நோக்கிச் சட்டத்தில் பொருத்தி, ஒன்றை ஈரமற்ற மூடிய கலத்தில் பாதுகாக்கலாம். செம்பும் சட்டத்தின் இரும்பும் தொட்டுக்கொண்டால் மின்கல வினை நிகழ்ந்து முடிவையே கெடுத்துவிடும். ஆகவே இடையில் பீங்கான் அல்லது பிளாஸ்டிக் தாங்கிகள் இருக்கட்டும். இரு பருவமழைகளும் கோடையும் அடங்க ஓர் ஆண்டு முழுவதும் வைத்திருப்பது அவசியம்.

களிம்பை நீக்குவதுதான் மிகுந்த கவனம் தேவைப்படும் கட்டம். காற்றோட்டமுள்ள இடத்தில், கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, 500 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் காய்ச்சி வடித்த நீரில் மெல்ல ஊற்றி (நீரை அமிலத்தில் ஊற்றவே கூடாது) ஒரு லிட்டராக்கி, அறை வெப்பநிலையில் 1 முதல் 3 நிமிடம் தகட்டை அமிழ்த்தி, கழுவி, உலர்த்தி, நிறுக்க வேண்டும். எடை குறைவது ஏறக்குறைய நிலைபெறும்வரை இதைத் திரும்பச் செய்யலாம். அமிலம் நல்ல செம்பையும் சிறிது கரைக்கும். எனவே பாதுகாத்த தகட்டையும் அதே அளவு நேரம் அமிழ்த்தி, அதன் இழப்பைக் கழித்துக்கொள்ள வேண்டும். இப்படிக் கழிக்காத கணக்கை நான் ஏற்பதில்லை.

எஞ்சிய இழப்பைக் கிராமில் எடுத்து, இருபுறப் பரப்பான 300 சதுர செ.மீ.யாலும் செம்பின் அடர்த்தியான 8.96ஆலும் வகுத்து, 10,000ஆல் பெருக்கினால் அரிக்கப்பட்ட தடிமன் மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கிடைக்கும். சான்றாக, 0.54 கிராம் இழப்பு ஏறத்தாழ 2 மைக்ரான். காற்றின் அரிக்கும் கடுமையை வகைப்படுத்தும் பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 9223இன்படி, செம்புக்கு ஆண்டுக்கு 1.3 முதல் 2.8 மைக்ரான் வரை சி4, 5.6 வரை சி5, அதற்கு மேல் 10 வரை சிஎக்ஸ் வகையாகும்.