காவிரியே இல்லாத சொற்பட்டியல்: தமிழ்த் தரவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்டா விவசாயச் செய்திகளைத் திரட்டி ஆய்வேடு எழுத வரும் தகவலியல் மாணவர்கள் விழுவது பெரும்பாலும் ஒரே பள்ளத்தில்தான். பேக்கப் எடுக்காதது, கோப்புக்குக் 'கடைசி', 'கடைசி2' என்று பெயர் வைப்பதெல்லாம் பட்டால் தெரிந்துவிடும். அதை விடுவோம்.

சொல் பிரிப்பை மென்பொருளிடம் அப்படியே விடுவது

பைதான் நிரல்மொழியின் சைக்கிட்-லேர்ன் நூலகத்தில் சொற்களை எண்ணும் கருவியான கவுண்ட்வெக்டரைசரில் செய்திகளைக் கொட்டினால் சொற்பட்டியல் வரும். அதில் காவிரி இருக்காது. மேட்டூர், நெல், குறுவை, வாய்க்கால் எதுவும் இருக்காது.

பைதானின் வழக்கமான தேடுகுறி (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) எழுத்தையும் எண்ணையும்தான் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். யூனிகோடில் நம் புள்ளியும் கால், கொம்பு, சுழிகளும் 'குறி' என்ற தனி வகை. குறி வந்த இடத்தில் சொல் முறிந்துவிடும். 'காவிரி' க, வ, ர என்று மூன்றாக உடையும். கவுண்ட்வெக்டரைசர் ஓரெழுத்துத் துண்டுகளைத் தூக்கி எறிந்துவிடும் என்பதால் மூன்றும் குப்பைக்கு.

முழுக்கக் காலியானால் உடனே கண்ணில் படும். எரிச்சலே மிச்சம் நிற்பதில்தான். பயிர் 'பய' ஆகும், மழை 'மழ' ஆகும், விவசாயம் 'வச', 'யம' என்று இரண்டாகும். அணையும் அண்ணாவும் 'அண' என்ற ஒரே துண்டில் சேர்ந்துவிடும். பாசனச் செய்தியும் அரசியல் செய்தியும் ஒரே தலைப்பில் குவிவதைப் பார்த்து, அதற்கு விளக்கம் சொல்ல ஒரு முழு இயலே எழுதுகிறவர்கள் உண்டு. வைவாவில் யாராவது "காவிரி எங்கேப்பா?" என்று கேட்டால் முடிந்தது.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். 'காவிரி' என்ற ஒரே சொல்லை மட்டும் உள்ளே கொடுங்கள். பட்டியல் காலி, உரையில் இருப்பது 'ஒரு', 'அந்த' மாதிரி எண்ணாமல் விடும் நிறுத்தச்சொற்கள் மட்டும்தானோ என்று பிழைச்செய்தி வரும். (நிறுத்தச்சொல்லாம், காவிரி!) அந்தச் செய்தியை நம்பி நிறுத்தச்சொல் பட்டியலைத் திருத்தப் போகாதீர்கள். மாற்ற வேண்டியது டோக்கன் வடிவத்தை, அதாவது எது ஒரு சொல் என்று சொல்லும் தேடுகுறியை: யூனிகோடில் 128 இடம் கொண்ட தமிழ்த் தொகுதி முழுவதையும் ஒரே எழுத்து வகுப்பாகக் கொடுங்கள்.

அதற்கு முன்பே என்எஃப்சி

'கொ'வின் ஒற்றைக்கொம்பும் காலும் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு சொல். என்எஃப்சி, அதாவது ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு இயல்பாக்கம், இதைச் சரிசெய்யும். ஔவையை 'ஒ', 'ள' என்று தட்டியிருந்தால் சரிசெய்யாது. அதைக் கையால்தான் தேட வேண்டும்.

ஊர்ப்பெயர்

மாயவரம், மாயூரம், மயிலாடுதுறை மூன்றும் ஒரே ஊர். குடந்தையும் கும்பகோணமும் ஒரே ஊர். எண்ணும் முன்பே ஊருக்கு ஒரே பெயராகக் கொண்டுவாருங்கள். மூலத்தில் இருந்த பெயரைத் தனி நெடுவரிசையில் வையுங்கள்.

1978க்கு முந்தைய அச்சு

எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, ணை, றா, னா வடிவங்களில், பக்கப் படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் தடுமாறும். மாதிரிக்குச் சில பக்கங்களைக் கையால் ஒப்பிடாமல் எண்ணிக்கை சொல்லாதீர்கள்.

எக்செல்

சிஎஸ்வி கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறக்காதீர்கள். தமிழ் எழுத்து குலைந்துவிடலாம். தரவு மெனு வழியாக, எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று குறித்துத் திறங்கள்.