உகாண்டாவின் தன்பாலீர்ப்பாளர்களுக்காகக் குரல் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 மே மாதம் உகாண்டா அதிபர் முசெவெனி கையெழுத்திட்ட சட்டத்தில், தன்பாலீர்ப்பாளர்கள் உறவுகொண்டால் ஆயுள் தண்டனை உண்டு. சில வழக்குகளில் தூக்குக்கூட உண்டு. அவர்களுக்காகப் பேசுவதையே "ஊக்குவிப்பு" என்று சொல்லி 20 ஆண்டுகள் வரை உள்ளே தள்ளலாம். வெளியிலிருக்கும் நாம் சும்மா இருக்கக் கூடாது. ஆனால் நாம் அவசரப்பட்டால் அடி விழுவது அங்கே இருப்பவர்களுக்குத்தான்.

பெரிய தவறு, கேட்காமல் ஒருவரின் பெயரையோ படத்தையோ பகிர்வது. 2010-இல் உகாண்டா தலைநகர் கம்பாலாவில் ஒரு பத்திரிகை, தன்பாலீர்ப்பாளர்கள் என்று பலருடைய படங்களையும் பெயர்களையும் அச்சிட்டு, தூக்கில் போடச் சொன்னது. அங்கே தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காகப் போராடிய டேவிட் கட்டோவும் அவருடைய தோழர்களும் நீதிமன்றம் போய் வென்றார்கள். வென்ற சில வாரங்களிலேயே, 2011 ஜனவரியில், கட்டோ தன் வீட்டில் அடித்துக் கொல்லப்பட்டார். ஆகவே ஒருவர் முன்பு தானே வெளியிட்ட படமாக இருந்தாலும், இன்று பகிரலாமா என்று மறுபடி கேளுங்கள். சரி என்றாலும், பின்னணியில் கடைப் பலகையோ வண்டி எண்ணோ தெரிகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, "அந்த நாட்டுக்கு உதவியை நிறுத்து" என்று உடனே முழங்குவது. 2011-இல் பிரிட்டிஷ் பிரதமர் கேமரன் இப்படி எச்சரித்தபோது, ஆப்பிரிக்காவின் சமூக நீதிச் செயற்பாட்டாளர்கள் பலர் சேர்ந்து எதிர்ப்பு அறிக்கை விட்டார்கள். உதவி நின்றால் மருந்து கிடைக்காமல் போவது தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட எல்ஜிபிடி மக்களுக்கும்தான். போதாததற்கு, "உங்களால்தான் எல்லாம் போச்சு" என்று ஊரே அவர்கள்மீது பாயும். உதவியை நிறுத்தக் கேட்பதா, வேண்டாமா என்பதை அங்குள்ள அமைப்புகள் முடிவு செய்யட்டும். நாம் அதன் பின்னால் நிற்போம்.

"காட்டுமிராண்டி நாடு" என்று பேசுவதும் வேண்டாம். 1860-இல் பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவில் எழுதிய, தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவின் வாசகம்தான் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போனது. நாமே 2018 வரை அதைச் சுமந்தோம். இலங்கையில் அதே போன்ற 365, 365ஏ பிரிவுகள் இன்னும் நீக்கப்படவில்லை. இந்த வரலாற்றை எடுத்துச் சொன்னால், தன்பாலீர்ப்பு மேற்கத்திய இறக்குமதி என்ற வாதத்துக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

அப்புறம், ஒரு தீர்ப்பு சாதகமாக வந்ததும் வேலை முடிந்தது என்று விலகிவிடுவது. தன்பாலீர்ப்புக்கு எதிரான உகாண்டாவின் 2014 சட்டத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் அரசியல் சாசன நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் நாடாளுமன்றத்தில் போதிய உறுப்பினர்கள் இல்லாமல் நிறைவேற்றினார்கள் என்பதற்காக மட்டுமே. உரிமை மீறலா என்ற கேள்வி அப்படியே நின்றது. 2023-இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. 2024 ஏப்ரலில் அதே நீதிமன்றம் அதன் பெரும்பகுதி செல்லும் என்றது.

செய்தித்தாள்கள் மறந்துபோன மாதங்களிலும் வக்கீல் செலவு இருக்கும். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர் தங்க இடம் வேண்டும். உள்ளூர் அமைப்புகளிடம் எது தேவை, எந்த வழியில் அனுப்பினால் அவர்களுக்கு ஆபத்தில்லை என்று கேட்டு, சிறு தொகையானாலும் மாதாமாதம் அனுப்புங்கள்.