காய்கறி தோட்டத்துக்கு வாலண்டியரா போறீங்களா, இந்த தப்பெல்லாம் வேணாம்

ஒரு ஏக்கர் ரெண்டு ஏக்கர்ல மருந்தடிக்காம காய்கறி போட்டு, வெளைஞ்சத விக்காம கஷ்டப்படற குடும்பங்களுக்கு வாராவாரம் பை கட்டி குடுக்கற சின்ன தோட்டங்களுக்கு உதவிக்கு போறவங்க நெறைய பேர் இருக்காங்க. நல்ல விஷயம்தான். ஆனா போற பாதி பேருக்கு அந்த பை எதுக்குன்னே புரியறதில்ல. நம்ம தமிழ்நாட்டுல ரேஷன்ல அரிசி இலவசமா கெடைச்சிருது, துவரம்பருப்பும் பாமாயிலும் மானிய விலைக்கு வருது, காய் மட்டும் அதுல கெடையாது. மாச கடைசில மொதல்ல கை வைக்கறது காய் வாங்கற காசுலதான். அதனால அந்த தோட்டத்துல வீணாகற ஒவ்வொரு கத்திரிக்காயும் யாரோ வீட்டு கொழம்புல இருந்து போகுதுன்னு வெச்சுக்கங்க, நான் சொல்ற தப்பெல்லாம் இந்த கணக்குலதான்.

மொத தப்பு லேட்டா போறது. பத்து மணிக்கு கார்ல போய் எறங்கி "என்ன வேலை இருக்கு"ன்னு கேட்டா அங்க ஒண்ணும் இருக்காது, ஏன்னா கீரையும் காயும் வெயில் ஏறறதுக்கு முன்னாடியே பறிச்சு நெழல்ல வெச்சாதான் சாயந்தரம் வரைக்கும் வாடாம நிக்கும், பை வாங்கற நெறைய வீட்டுல ஃப்ரிட்ஜ் இருக்காது. ஆறு மணிக்கு முடியாதுன்னா பறிக்கற நாள்ல போகாதீங்க, வேற நாள் போங்க, அன்னிக்கும் வேலை கெடக்கும்.

அடுத்தது வெண்டைக்கா. கடைல பண்ற மாதிரி ஒவ்வொரு காயா நுனிய ஒடிச்சு பிஞ்சா முத்தலான்னு பாக்கறாங்க! ஒடிச்ச எடம் மத்தியானத்துக்குள்ள கறுத்துரும், அப்பறம் அத பைல போட்டா வாங்கறவங்களுக்கு மிச்சம் மீதிய குடுத்த மாதிரி இருக்கும். நான் பாத்த ஒரு தோட்டத்துல ஒரு அக்கா இருந்தாங்க, ஒடிச்ச பையன்கிட்ட "கண்ணு, வெரல் நீளம் இருந்தா பறி, அதத் தாண்டி வெறைப்பா நின்னா விதைக்கு விட்ரு, ஒடிச்செல்லாம் பாக்காத சாமி"ன்னு சொல்லிட்டு அவங்க பாட்டுக்கு அடுத்த செடிக்கு போயிட்டாங்க. விதைக்கு விட்டது போக மத்த வெண்டைய ஒண்ணு விட்டு ஒரு நாள் பறிச்சே ஆகணும், முத்தவிட்டா செடி புதுசா காய்க்கறதும் கொறைஞ்சிரும். ஃபுல் கை சட்டை போட்டுக்கங்க, அந்த சொணை பட்டா கையெல்லாம் அரிக்கும்.

கீரைலயும் இதே கூத்துதான். அரைக்கீரைய வேரோட புடுங்கிருவாங்க. அது அறுக்கற கீரை, அடில ரெண்டு இஞ்ச் விட்டு அறுத்தா மறுபடி தழைக்கும், முளைக்கீரை சிறுகீரைதான் வேரோட புடுங்கறது. தெரியலன்னா கேளுங்க, யாரும் சிரிக்க மாட்டாங்க (சிரிச்சாலும் பரவால்ல).

களை எடுக்கறதுல கோரைய மேலாப்புல கிள்ளி போட்டுட்டு சுத்தமாயிருச்சுன்னு நெனைக்காதீங்க, மண்ணுக்குள்ள கெழங்கு இருக்கற வரைக்கும் திரும்ப வரும், களைக்கொத்து வெச்சு தோண்டி எடுக்கணும். கொத்தும்போது சொட்டுநீர் குழாய் எங்க போகுதுன்னு பாத்துக்கங்க, மூடாக்குக்கு (மண்ணு மேல பரப்பி வெக்கற காஞ்ச எலை தழை) அடில கண்ணுக்கு தெரியாது. மூடாக்க கைய விட்டு கிளறவும் வேணாம், குச்சியால தள்ளிட்டு பாருங்க, பாம்பு தேள் இருக்கலாம். பாத்தி மேல ஏறி நடக்காதீங்க, மண்ணு இறுகிரும்.

சில பேர் நல்லது பண்றதா நெனச்சு, பூச்சி இருக்கேன்னு வீட்டுல இருந்து ஸ்ப்ரே பாட்டில் கொண்டு வந்து அடிச்சிருவாங்க, இல்ல ரெண்டு கை யூரியா தூவிருவாங்க. செடி நல்லாதான் வரும், சான்று போயிரும். ரசாயனம் பட்ட நெலம் மறுபடி இயற்கை சான்று வாங்க காய்கறிக்கு 2 வருஷம், மரப்பயிருக்கு 3 வருஷம் காத்திருக்கணும். ஜீவாமிர்தத்துலயும் (மண்ணுக்கு ஊத்தற சாணி கரைசல்) இஷ்டத்துக்கு கை வெக்காதீங்க, 200 லிட்டர் தண்ணிக்கு 10 கிலோ சாணி, 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவுன்னு ஒரு அளவு இருக்கு, கோமியமும் ஒரு கைப்பிடி மண்ணும் சேரும், ரெண்டு நாள் ஊறணும். அதுல இன்னும் கொஞ்சம் வெல்லம் போட்டா வேகமா வேலை செய்யும்னு ஆராய்ச்சி எல்லாம் வேணாம். நாளைக்கு அறுக்கப்போற கீரை மேல அத தெளிக்கவே கூடாது, சாணி கலந்தது, வேருக்குத்தான் ஊத்தணும்.

எனக்கு ரொம்ப எரிச்சல் வர்றது பை கட்டற எடத்துலதான். நல்ல கத்திரிக்காய தனியா எடுத்து "இத நான் வீட்டுக்கு எடுத்துக்கறேன்"ங்கறது, சொத்தைய "வெட்டிட்டு சமைச்சுக்குவாங்க"ன்னு பைல தள்றது. சொத்தை போக வேண்டியது மாட்டுக்கு, இல்ல உரக்குழிக்கு. வாங்க வர்றவங்கள நிக்க வெச்சு போட்டோ எடுக்கறது, அந்த போட்டோவ ஸ்டேட்டஸ்ல போடறது, "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரு"ன்னு விசாரிக்கறது, இதெல்லாம் பண்ணா அடுத்த வாரம் அந்தம்மா வர மாட்டாங்க, அவ்ளோதான். ப்ரோக்கோலி போடலாம் லெட்டூஸ் போடலாம்னு ஐடியா குடுக்கறதுக்கு முன்னாடி வாங்கறவங்கள கேளுங்க, சொரக்கா, அவரை, பூசணி, கருணைக்கிழங்குன்னு சொல்வாங்க, கிழங்கும் பூசணியும் பல நாள் கெடாம நிக்கும்.

ஆபீஸ்ல இருந்து ஒரே நாள் முப்பது பேரா டீ-ஷர்ட் போட்டு போறதுக்கு, ரெண்டு பேர் மாறி மாறி வாராவாரம் போறது எவ்வளவோ மேல். வர முடியலன்னா மொத நாள் சாயந்தரமே ஒரு மெசேஜ் போட்ருங்க, பறிக்க வேற ஆள் பாத்துக்குவாங்க.