புரெவிக்குப் பிறகு காப்புறுதிப் பணம் எடுத்தது

2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது, பக்கத்து வளவு வேம்பின் பெரிய கொப்பு முறிந்து எங்கள் குசினிக் கூரையில் விழுந்தது. மழை நேரே அடுப்படியில் ஊற்றியது. தறப்பாள் கட்ட முன்னமே மகள் கைபேசியில் எல்லாவற்றையும் படம் எடுத்துவிட்டாள்: கொப்பு கிடந்த கிடை, முறிந்த சிலாகை, ஊறிய சுவர். உடைந்த ஓடுகளை அள்ளிக் கொட்ட வந்த பொடியனை மறித்து, மதிலோரம் குவிக்கச் சொன்னேன். சேதம் பார்க்கக் காப்புறுதி மதிப்பீட்டாளர் வந்ததும் அந்தக் குவியலைத்தான் முதலில் கிளறிப் பார்த்தார்.

காப்புறுதி நிறுவனமோ கையை விரித்தது. இது தீக் காப்புறுதி, புயல் சேராதாம். பொதுவாகப் புயலும் வெள்ளமும் அதில் தானாக வராது, மேலதிகமாகச் சேர்க்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் எங்கள் பத்திரத்தின் பின்னிணைப்பில் புயல் இருந்தது. அதற்குத் தனியாகக் கட்டிய பற்றுச்சீட்டும் இருந்தது. இரண்டையும் பிரதி எடுத்து, கிராம அலுவலரின் கடிதத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். தொலைபேசியில் கத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்புறம் மறுப்பு வரவில்லை. பழைய கூரை என்று தேய்மானம் மட்டும் கழித்தார்கள். தச்சரிடம் ஓடு, மரம், கூலி என்று பிரித்துக் கணக்கு வாங்கியிருந்ததால் கூலியில் கை வைக்கவில்லை. ஓட்டுக்குத்தான் கொஞ்சம் கைக்காசு போனது.