வகுப்பறையில் தொழில்நுட்பம்: ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்குக் கருவிகள் வந்து சேர்ந்த வேகத்தில், அவற்றை வைத்துப் பாடம் நடத்தும் முறை வந்து சேரவில்லை. 2011இல் விலையில்லா மடிக்கணினி, 2018 முதல் புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு, 2019இல் கல்வித் தொலைக்காட்சி, பிறகு கணினிகள் கொண்ட உயர்தொழில்நுட்ப ஆய்வகம் (ஹைடெக் லேப்), ஸ்மார்ட் வகுப்பறை என ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. வேலூர் மாவட்டத்தில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றும் நான், பயிற்சி வகுப்புகளில் கேட்டவற்றையும், சக ஆசிரியர்களின் வகுப்புகளில் பார்த்தவற்றையும் வைத்து, திரும்பத் திரும்ப நேரும் சில தவறுகளை இங்கே எடுத்துச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் வேரான தவறு, கருவியை முதலில் வைத்துப் பாடத்தைப் பின்னால் தேடுவது. ஆய்வகம் நமக்கு ஒதுக்கப்பட்ட பாடவேளை வந்துவிட்டது, எதையாவது போட்டுக் காட்டுவோம் என்று தொடங்கும் வகுப்பில் பிள்ளைகள் அமைதியாக இருப்பார்களே தவிர, கற்றிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. கரும்பலகையாலும் கைக்கு எட்டும் பொருள்களாலும் காட்ட முடியாதது இந்தப் பாடத்தில் எது என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அமிலத்தையும் காரத்தையும் அறிய நிறங்காட்டியைப் பயன்படுத்தும் பாடத்துக்குக் காணொளி தேவையே இல்லை. செம்பருத்திப் பூவை வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாற்றில் எலுமிச்சைச் சாறு விட்டால் இளஞ்சிவப்பு கூடுவதையும், சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சையாக மாறுவதையும் பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்து பார்க்கலாம். மாறாக, மின்சுற்றில் மின்னோட்டம் எப்படிப் பாய்கிறது என்பதை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. அங்கேதான் கணினிக்கு வேலை இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’ திட்டத்தின் கணினிப் பாவனைப் பயிற்சிகள் (சிமுலேஷன்) இதற்குப் பெரிதும் உதவுகின்றன. அவை இலவசமாகவும் கிடைக்கின்றன. ஆனால் வரிசை முக்கியம். முதலில் டார்ச் பல்பு, செல், கம்பி ஆகியவற்றை வைத்துச் சுற்றை அமைக்கச் சொல்லி, அதன் பிறகே திரைக்குப் போக வேண்டும். திரையில் கம்பியின் முனை துருப்பிடித்திருப்பதில்லை, செல் வலுவிழந்திருப்பதில்லை. திரையில் தொடங்கிய பிள்ளைகள், மேசைமேல் பல்பு எரியாதபோது காரணம் தேடுவதை விட்டுவிட்டுச் சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

வேற்றுநாட்டுப் பிள்ளைகளுக்காக எடுத்த காணொளியை அப்படியே காட்டுவது அடுத்த தவறு. துருவ நட்சத்திரம் வானில் உயரத்தில் நிற்பதாக ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ எடுத்த படங்கள் காட்டும். வேலூர் ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், இங்கே அது வடக்குத் தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 13 பாகை உயரத்தில்தான் தெரியும். கையை நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் அந்த முட்டிக்குச் சற்றுக் கூடுதலான உயரம், அவ்வளவுதான். நம்மைச் சுற்றியுள்ள குன்றுகள் பல ஊர்களில் அதையும் மறைத்துவிடும். படத்தில் பார்த்ததை இரவில் தேடிக் காணாத பிள்ளை பாடத்தையே சந்தேகிக்கும். ‘ஸ்டெல்லேரியம்’ என்னும் கட்டற்ற மென்பொருளில் ஊரின் இடத்தில் வேலூர் என்று மாற்றிவிட்டால் நம்முடைய வானமே திரையில் விரியும். பழைய வடஆர்க்காட்டுப் பகுதியான ஜவ்வாது மலையில், காவலூரில், 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது என்பதை அதே வகுப்பில் சொல்லாமல் விடுவது பெரிய இழப்பு.

நல்ல காணொளியே கிடைத்தாலும், அதை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டு ஆசிரியர் ஓரமாக நின்றுவிடக் கூடாது. பேரணாம்பட்டில் வீட்டில் உருது பேசும் பிள்ளைகளும், ஆந்திர எல்லையோர ஊர்களில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். காணொளிக் குரலின் வேகமான செந்தமிழ் அவர்களுக்கு எட்டுவதில்லை. ஒலியை நிறுத்திவிட்டு, படத்தை மட்டும் ஓடவிட்டு, ஆசிரியர் தம் குரலில் விளக்குவதும், முக்கியமான இடத்தில் நிறுத்தி அடுத்து என்ன நடக்கும் என்று கேட்பதும் எளிய வழிகள். நான் பார்த்த வகுப்புகளில் பிள்ளைகள் அதிகம் பேசியவை இப்படி நடந்தவையே.

அறையைப் பார்க்காமல் திட்டமிடுவதும் பாடத்தைக் கெடுக்கும். கிழக்கு நோக்கிய சன்னல் உள்ள அறையில் காலைப் பாடவேளையில் புரொஜெக்டரைப் போட்டால், முதல் பெஞ்சுக்கு மங்கலாகவும் கடைசிப் பெஞ்சுக்கு வெறும் வெள்ளையாகவும்தான் தெரியும். சன்னலையெல்லாம் சாத்தினால் வேலூர் வெயிலில் பிள்ளைகளால் உட்கார முடியாது. இருட்டு தேவைப்படாத தொலைக்காட்சித் திரையைத் தேர்ந்துகொள்வது, பாடவேளையை மாற்றிக் கேட்பது, எழுத்தைப் பெரிதாக்கி ஒரு பக்கத்தில் ஐந்தாறு வரிக்கு மேல் வைக்காமலிருப்பது ஆகியவை கைகொடுக்கும். முந்தின நாளே கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும்.

எழுத்துருச் சிக்கலை நம்மில் பலர் சிறிய விஷயமாக நினைக்கிறோம். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த வினாத்தாளைப் பென் டிரைவில் எடுத்துப்போய், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழே தெரியாது. பாமினியில் அடித்த ‘அம்மா’ என்ற சொல், நான்கு ஆங்கில எழுத்துகளும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். தேர்வு நாள் காலையில் இதைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை. எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் ஒருங்குறியை (யூனிகோடு) தமிழ்நாடு அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டதால், எல்லாவற்றையும் ஒருங்குறியிலேயே அடிப்பதுதான் நிலையான தீர்வு; அவசரத்துக்குப் பிடிஎஃப் ஆக மாற்றிக்கொள்ளலாம்.

இணையம் கிடைக்கும் என்று நம்பி வகுப்புக்குள் போவதும் ஆபத்து. ஆணைக்கட்டு வட்டத்தின் மலைக்கிராமங்களில் மட்டுமல்ல, சாலையோரப் பள்ளிகளிலும் வகுப்பு நேரத்தில் படம் சுற்றிக்கொண்டே நிற்பது உண்டு. க்யூஆர் குறியீட்டின் வழியே திறக்கும் ‘தீக்‌ஷா’ தளத்துப் பாடங்களில் தேவையானவற்றை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுப்பாடத்தைக் கைபேசியில் கொடுப்பதில் இன்னும் கூடுதலான கவனம் வேண்டும், ஏனென்றால் இங்கே பாதிக்கப்படுவது ஏழைப் பிள்ளை. குடியாத்தத்தில் தீப்பெட்டி வேலைக்கும், பேரணாம்பட்டில் தோல் தொழிற்சாலைக்கும் போகும் குடும்பங்களில் இருப்பது பெரும்பாலும் ஒரே கைபேசி. அதுவும் வேலைக்குப் போகிறவருடன் போய்விடும். இரவில் அது திரும்பி வந்தாலும் முதலில் அண்ணன் கைக்குப் போகும், கடைசியில்தான் தங்கைக்கு. 2020இல் பள்ளிகள் மூடப்பட்ட காலத்தில் இந்த இடைவெளியை நாம் எல்லோரும் கண்ணாரப் பார்த்தோம். காணொளியைப் பார்த்து வரச் சொல்வதற்கு முன், எந்தப் பிள்ளைக்கு எந்த நேரத்தில் கைபேசி கிடைக்கும் என்று கேட்டறிய வேண்டும். கிடைக்காதவர்களுக்கு மதிய இடைவேளையில் ஆய்வகத்தைத் திறந்துவிட வேண்டும்.

பிள்ளைகளின் முகம், பெயர், மதிப்பெண் ஆகியவற்றை வாட்ஸ்அப் குழுக்களில் தாராளமாகப் பகிர்வது பழக்கமாகிவிட்டது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் இருக்கட்டும், மதிப்பெண் குறைந்த பிள்ளையின் தாளை நூறு பேர் பார்க்கும் குழுவில் போடுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. சேர்க்கைக்காக விளம்பரம் செய்யும்போதும் இந்த எல்லையை மறக்கக் கூடாது.

செயற்கை நுண்ணறிவிடம் வினாத்தாள் கேட்பவர்கள், விடையைப் பாடநூலோடு ஒப்பிடாமல் அச்சிடக் கூடாது. வேலூர்ப் புரட்சி 1806 ஜூலை 10ஆம் நாள் நடந்தது, அதை அடக்க ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்தார் என்பன நமக்குத் தெரிந்தவை. அதனால் தவறு வந்தால் பிடித்துவிடுவோம். நமக்குத் தெரியாத பாடத்தில் தவறான நாளும் பெயரும் சரியானவை போலவே வந்து நிற்கும்.

கடைசியாக, பழுதானால் யார் பதில் சொல்வது என்ற அச்சத்தில் கருவிகளைப் பூட்டி வைப்பது. இந்த அச்சம் நியாயமானதே, ஏனெனில் இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் தலைமை ஆசிரியர். ஆகவே அவரைக் குறை சொல்வதைவிட, எந்தக் கருவி எந்த நாளில் யாரால் பயன்படுத்தப்பட்டது, என்ன பழுது, யாருக்குத் தெரிவிக்கப்பட்டது என்று எழுதும் ஒரு நோட்டை ஆய்வகத்தில் வைப்பது நல்லது. பொறுப்பு ஒருவர் தலையில் மட்டும் விழாது என்றால் சாவி தாராளமாக வெளியே வரும். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு, மாணவிகளும் அதில் கட்டாயம் இருக்கும்படி, கணினியை இயக்கவும் முறையாக நிறுத்தவும் கற்றுக்கொடுத்து, அந்த நோட்டை அவர்களையே எழுதச் சொல்லலாம்.