வெல்டரா, எலெக்ட்ரீஷியனா? வேலூர், ராணிப்பேட்டைப் பிள்ளைகளுக்கு

ஐ.டி.ஐ. விண்ணப்பத்தில் எதை முதலில் குறிப்பது என்று யோசிப்பவர்கள் முதல் மாதச் சம்பளத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. வெல்டரை ஒவ்வொரு சைட்டிலும் புதிதாகச் சோதித்துத்தான் எடுப்பார்கள். எலெக்ட்ரீஷியனுக்கோ லைசென்சும் அனுபவமும் சேரச் சேர மதிப்பு ஏறும். இரண்டில் எது உங்களுக்கு ஒத்துவரும் என்பதே கேள்வி.

வெல்டர் படிப்பு ஓராண்டு, எட்டாம் வகுப்பு தேறினால் போதும். எலெக்ட்ரீஷியன் இரண்டாண்டு, பத்தாம் வகுப்பு தேவை.

கேட், கிரில் பட்டறை வேலைக்கு 3.15 எம்.எம். 6013 ராடை (சாதாரண இரும்பு வேலைக்கான வெல்டிங் குச்சி) 100 முதல் 120 ஆம்ப்சில் ஓட்டத் தெரிந்தால் போதும். கரண்ட் குறைந்தால் ராடு ஒட்டிக்கொள்ளும், கசடு உள்ளே சிக்கும்; கூடினால் ஓரம் அரித்துப் பள்ளம் விழும். இதோடு நின்றால் வருமானமும் பட்டறை அளவில்தான் நிற்கும். ராணிப்பேட்டை பெல் ஆலையைச் சுற்றியுள்ள ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகளில் பிளேட் வேலை நிறைய. பாய்லர் குழாய்க்குப் போக நினைத்தால் 6ஜி டெஸ்ட் தேற வேண்டும். குழாயை 45 டிகிரி சாய்வில் இறுக்கியிருப்பார்கள், திருப்ப முடியாது. நீங்கள்தான் சுற்றிவந்து பற்றவைக்க வேண்டும். பலர் தவறுவது அடிப்பக்கத்தில். அங்கே ரூட், அதாவது இணைப்பின் முதல் அடுக்கு, உள்ளே இழுத்துக்கொள்ளும், எக்ஸ்ரே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். வலுவான இணைப்புக்கான 7018 ராடை அடுப்பில் காயவைக்காமல் எடுத்தால் ஈரத்திலுள்ள ஹைட்ரஜனால் இணைப்பு பிறகு விரிசல்விடும். வேலூர் மே மாத வெயிலில் தோல் ஏப்ரனோடு நிற்கவும் உடம்பு வேண்டும்!

எலெக்ட்ரீஷியன் என்றால் வீட்டு ஒயரிங் மட்டுமில்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் பதனிடும் ஷெட்டுகளில் தோலைப் புரட்டும் டிரம்மைச் சுற்றுவது த்ரீ ஃபேஸ் மோட்டார். உப்பும் ஈரமும் டெர்மினலை அரிக்கும். ஒரு ஃபேஸ் விட்டுப்போனால் மோட்டார் உறுமிக்கொண்டே காயில் எரியும். 15 எச்.பி. மோட்டார் சுமார் 21 ஆம்ப்ஸ் இழுக்கும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் (மோட்டாரைக் குறைந்த கரண்டில் கிளப்பிவிடும் கருவி) ஓவர்லோடு ரிலே (கரண்ட் கூடினால் மோட்டாரை நிறுத்துவது) டெல்டா சுற்றுக்குள் இருந்தால் அதில் 58 சதவீதம், அதாவது 12 ஆம்ப்சில் வைக்க வேண்டும். தெரியாதவர் 21-இல் வைப்பார். ரிலே சப்ளையை வெட்டாது, மோட்டார் போய்விடும். இப்படிக் கணக்குப் போட்டுக் காரணம் தேடுவது அலுப்பாகத் தோன்றினால் இந்தப் பக்கம் வராதீர்கள். தனியாகக் கான்ட்ராக்ட் எடுக்க மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் லைசென்ஸ் வேண்டும். ஐ.டி.ஐ. சான்றிதழ் மட்டும் அதற்கு ஈடாகாது.

விண்ணப்பிக்கும் முன் கண் டாக்டரிடம் நிறக்குறைபாடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒயர் நிறம் பிரித்தறிய முடியாதவருக்கு எலெக்ட்ரீஷியன் வேலை ஆபத்து. வெல்டருக்கு ஓரடி தூரத்துப் பார்வை தெளிவாக வேண்டும், கை நடுங்கக் கூடாது. முடிந்தால் ஒரு வாரம் பட்டறையில், ஒரு வாரம் மோட்டார் ரிவைண்டிங் கடையில் கூடமாட நின்று பாருங்கள். பட்டறையில் கருப்புக் கண்ணாடி இல்லாமல் தீப்பொறியைப் பார்த்தால் அன்றிரவு கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும்.

இரண்டும் பிடித்திருந்தால் எலெக்ட்ரீஷியனை முதலில் போடுங்கள். ஓராண்டு வெல்டர் படிப்பைப் பிறகும் சேர்த்துக்கொள்ளலாம். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கத் தொடங்கியபின் இரண்டாண்டு ஒதுக்குவதுதான் கடினம். வீட்டுக்கு உடனே காசு தேவையென்றால் மட்டும் வரிசையை மாற்றுங்கள்.