கடலோரத்தில் சிப்-ஆன்-போர்டு செய்பவர்களுக்கு

மலிவான மல்டிமீட்டரைக் கழற்றினால் போர்டின் நடுவே கருப்பாக ஒரு எபாக்ஸி மேடு தெரியும். அதற்குள் இருப்பது பேக்கேஜ் (பிளாஸ்டிக் கூடு) இல்லாத வெறும் டை, அதாவது சிலிக்கான் துண்டு; இப்படி நேராக போர்டில் ஒட்டுவதுதான் சிப்-ஆன்-போர்டு. டையையும் போர்டையும் மெல்லிய கம்பியால் இணைக்கும், கையால் இயக்கும் ஒயர் பாண்டரும் ஒரு ஓவனும் இருந்தால் காலேஜ் லேபிலேயே இதைச் செய்யலாம், ஆனால் கடலூர், புதுச்சேரி பக்கம் இருப்பவர்கள் பாண்டிங்கை விட ஈரத்துக்கும் உப்புக்கும்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

போர்டு ஆர்டர் செய்யும்போதே எனிக் (ENIG, நிக்கல் மேல் மெல்லிய தங்கம்) ஃபினிஷ் கேளுங்கள், ஈயம் பூசிய சாதா போர்டில் கம்பி ஒட்டாது. தங்கக் கம்பிக்கு எனிபிக் (ENEPIG, நடுவே பல்லேடியமும் சேர்ந்தது) வேண்டும், போர்டையும் சூடாக்க வேண்டும். அலுமினியக் கம்பி அறை வெப்பத்திலேயே அல்ட்ராசானிக்கில் ஒட்டிவிடும், முதல்முறை செய்பவர்களுக்கு அதுதான் என் சிபாரிசு.

எஃப்ஆர்-4 (கண்ணாடி இழையும் எபாக்ஸியும் சேர்ந்த சாதாரண சர்க்யூட் போர்டு) ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம், 120 டிகிரியில் சில மணி நேரம் ஓவனில் பேக் செய்யாமல் (சூட்டில் உலர்த்தாமல்) தொடாதீர்கள். தொடுவதும் கையுறையோடுதான், ஏனென்றால் வியர்வையில் இருக்கும் குளோரைடு பிறகு அலுமினியத்தை அரிக்கும்.

டையை ஒட்டும் சில்வர் எபாக்ஸி பெரும்பாலும் ஃப்ரீசரில் இருக்கும். எடுத்ததும் மூடியைத் திறக்கக் கூடாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் நம்ம ஊர்க் காற்றில் எப்படி வியர்க்கிறதோ, அதே ஈரம் எபாக்ஸிக்குள்ளும் போய்விடும், அதனால் சிரிஞ்ச் அறை வெப்பத்துக்கு வரும்வரை பொறுங்கள். சின்னப் புள்ளி வைத்து டையை அழுத்தினால் நாலு பக்கமும் எபாக்ஸி லேசாக எட்டிப் பார்க்க வேண்டும், டையின் உயரத்தில் முக்கால் பங்குக்கு மேல் ஏறினால் ஷார்ட் ஆகலாம். டையின் பின்புறம் கிரவுண்டா சப்ளையா என்று டேட்டாஷீட்டில் பார்த்துவிட்டு ஒட்டுங்கள், எல்லா டைக்கும் அது கிரவுண்டு இல்லை. எபாக்ஸியை 150 டிகிரியில் இறுக்கச் சொல்லியிருந்தால் உங்கள் போர்டு தாங்குமா என்றும் பாருங்கள், மலிவான எஃப்ஆர்-4 சுமார் 130 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும்.

பாண்டரில் பவர், அழுத்தம், நேரம், இந்த மூன்றையும் வீணான போர்டில் பழகுங்கள். 25 மைக்ரான் அலுமினியக் கம்பியின் கால் (ஒட்டும் இடம்), கம்பியைப் போல ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை மடங்கு அகலத்துக்கு நசுங்கினால் சரி. அப்படியே பெயர்ந்து வந்தால் பவர் போதவில்லை, இல்லாவிட்டால் பரப்பில் அழுக்கு. காலை ஒட்டிய கழுத்தில் அறுந்தால் பவர் அதிகம். கொக்கி போட்டு இழுத்துப் பார்க்க வசதி இருந்தால், மில்-எஸ்டிடி-883 (அமெரிக்க ராணுவச் சோதனைத் தரம்) இந்தக் கம்பிக்குக் கேட்பது குறைந்தது 2.5 கிராம் விசை.

டையை எபாக்ஸியால் மூடுவதற்கு முன்பே சர்க்யூட்டைச் சோதியுங்கள், மூடியபின் பழுது பார்ப்பது நடக்காத காரியம். சோதிக்கும்போது வெளிச்சம் படாமல் மறையுங்கள், ஒளி பட்டால் சிலிக்கானில் மின்னோட்டம் பிறக்கும். 2015-ல் வந்த ராஸ்பெர்ரி பை 2 கேமரா ஃப்ளாஷ் அடித்ததும் அணைந்துபோனது இதனால்தான்.

அப்புறம் மறுபடி பேக் செய்து, சூடு ஆறுவதற்குள் குளோப் டாப் (மேலே மூடும் கருப்பு எபாக்ஸி) ஊற்றுங்கள், சூட்டில் அது நன்றாகப் பரவும், குமிழியும் குறையும். ஹார்டுவேர் கடை எபாக்ஸி இதற்கு ஆகாது: அதில் குளோரைடு அதிகம் இருக்கலாம், சூடாகி விரியும்போது கம்பியையும் அறுக்கும். நாளைக்கு ஊற்றலாம் என்று மேஜையில் விட்டுப் போகாதீர்கள், வேறு வழியில்லை என்றால் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வைத்து, ஊற்றும் முன் திரும்பவும் பேக் செய்யுங்கள்.